மருந்துக்கும் பிள்ளைக்கும் இடையில் எத்தனை நிமிடம்? கலிபோர்னியா உயர்நிலைப்பள்ளி ஒன்றின் ஹெல்த் ஆபிஸ் பற்றி ஒரு தாயின் மதிப்பீடு

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் என் மகள் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் தொல்லை உண்டு. முந்திரிப் பருப்பு வாயில் பட்டாலே உதடு வீங்கிவிடும். அதனால், மற்றப் பெற்றோர் அதிகம் எட்டிப் பார்க்காத ஓர் அறை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஹெல்த் ஆபிஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி, பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் பிள்ளைகளின் பெயரும் படமும் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகள் இருக்கின்றன. மருந்து, போதைப்பொருள், பாதுகாப்பு ஆகியவை குறித்து இந்தப் பள்ளி வைத்திருக்கும் விதிகளையும், அவை நடைமுறையில் எப்படி இயங்குகின்றன என்பதையும் மூன்றாண்டு அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். விதிகளில் பெரும்பகுதி மாநிலச் சட்டத்திலிருந்து வருவதால், கலிபோர்னியாவில் எந்த ஊரில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் உள்ளவை பெரும்பாலும் பொருந்தும்.

எந்த விதியையும் நான் ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன். பிள்ளைக்கு மருந்து தேவைப்படும் நொடியிலிருந்து அது அவள் கைக்கு வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறது? அதே மருந்து, தேவையில்லாத இன்னொரு பிள்ளையின் கைக்குப் போய்விடாமல் இருக்கிறதா என்பது அக்கேள்வியின் மறுபக்கம். இந்தப் பள்ளி பூட்டி வைப்பதில் மிகவும் தேர்ந்திருக்கிறது. திறந்து கொடுப்பதில் இன்னும் தேற வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முடிவு இதுதான்.

முதலில் எங்கள் வீட்டார் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மகள் 9ஆம் வகுப்பில் சேர்ந்த கோடையில் என் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரையும் போல அவரும் ஒரு பை நிறைய மாத்திரை கொண்டுவந்தார். "தலைவலின்னா ஒண்ணு போட்டுக்கோ கண்ணு" என்று சொல்லி, நான்கு டோலோ 650 மாத்திரைகளைப் பேத்தியின் பென்சில் பவுச்சில் வைத்துவிட்டார். மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த துண்டு அது. மருந்தின் பெயரில் பாதியும் காலாவதித் தேதி முழுவதும் வெட்டுப்பட்டுக் கடையிலேயே தங்கிவிட்டிருந்தன. செப்டம்பரில் ஒருநாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி மாதவிடாய் வலியால் துடித்ததைப் பார்த்து, மகள் அதில் ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தாள். ஆசிரியர் பார்த்துவிட்டார். அரை மணி நேரத்தில் துணை முதல்வரின் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

நான் போனபோது மீதி மூன்று மாத்திரைகளோடு அந்தத் துண்டு மேசைமேல் ஒரு வெள்ளை உறைக்குள் இருந்தது. நர்ஸ் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன மருந்து என்று கேட்டார். பாராசிட்டமால் என்றேன். அதே மருந்தை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். டைலெனால் என்று கேட்டு வாங்குவதே வழக்கம். பெயரை விளக்கிய பிறகும் நர்ஸின் முகம் மாறவில்லை. பெயர் முழுதாக இல்லாத அட்டைத் துண்டில் இருக்கும் வெள்ளை மாத்திரையை, நான் சொல்வதை மட்டும் வைத்து அவர் எப்படி நம்ப முடியும்? அந்தத் தோழி வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள், அவளுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் என் மகளுக்குத் தெரியாது. அவர் குரலை உயர்த்தாமல் இதை விளக்கினார். மகள் அழுதாள். என் பக்கத்தில் நியாயம் இல்லை என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

சட்டப்படி நிலைமை என்ன என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். மாநிலக் கல்விச் சட்டத்தின் 48915ஆம் பிரிவு, கட்டுப்படுத்தப்பட்ட போதை மருந்து வைத்திருக்கும் மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கச் சொல்கிறது. ஆனால், ஒரு பிள்ளை தன் உடல்நலத்துக்காக வைத்திருக்கும் சாதாரணக் கடை மருந்துக்கும், மருத்துவர் அந்தப் பிள்ளைக்கே எழுதிக்கொடுத்த மருந்துக்கும் அங்கேயே விலக்கு இருக்கிறது. ஆகவே ஒரு டோலோவுக்காகப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அன்றிரவு நானும் கணவரும் தூங்காமல் கிடந்ததற்குத் தேவை இருக்கவில்லை. பள்ளியின் சொந்த விதியோ இன்னும் இறுக்கமானது: மருத்துவரின் தாள் இல்லாமல் எந்த மருந்தும், கடையில் சும்மா வாங்கும் வலி மாத்திரை உட்பட, பையில் இருக்கக்கூடாது. அது கையேட்டில் தெளிவாக அச்சாகியிருந்தது. ஆகஸ்டில் அந்தக் கையேட்டைப் படித்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்தான். பள்ளி மகளை எச்சரித்து, இடைநீக்கம் செய்யாமல் விட்டது. இந்த நிதானத்துக்காக அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஊர் மருந்துகளைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பவற்றில் மூன்று வகை உண்டு. பாராசிட்டமால் போல, பெயர் மட்டும் மாறுபட்டு இங்கேயும் கிடைப்பவை ஒரு வகை. ஆஸ்துமாவுக்கு ஊரில் வாங்கும் ஆஸ்தலின் இன்ஹேலரும் அப்படித்தான். அதில் உள்ள சால்பியூட்டமாலைத்தான் இங்கே ஆல்பியூட்டெரால் என்கிறார்கள். இரண்டாம் வகை, அமெரிக்காவில் ஒருபோதும் அனுமதி பெறாதவை. காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊரில் தாராளமாக விழுங்கும் நிமெசுலைடு இதில் சேரும். கல்லீரலைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியாவே 2011இல் தடைசெய்தது. மூன்றாம் வகைதான் பிள்ளையைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடக்கூடியது: கோடீன் கலந்த இருமல் மருந்துகள். கோடீன் ஓபியாய்டு, அதாவது அபினைப் போல் செயல்படும் வலி மருந்து வகையைச் சேர்ந்தது. அது கலந்த இருமல் மருந்தை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் முடிவெடுத்தது. ஊரிலிருந்து வந்த இருமல் சிரப்பை நல்ல எண்ணத்தோடு தண்ணீர் பாட்டிலின் பக்கத்தில் சொருகி அனுப்பும் பாட்டிமார் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். ஒரு புட்டியின் மேல் உள்ள சிறு எழுத்துகளை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது நம் பொறுப்பு.

படிவங்களுக்கு வருகிறேன். பள்ளி நேரத்தில் பிள்ளைக்கு மருந்து கொடுக்க, மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் முறை, நேரம் ஆகியவற்றை மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட தாளும், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும் என்பது 49423ஆம் பிரிவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைப் புதுப்பிக்க வேண்டும். அளவு மாறினால் உடனே. மருந்து, மருந்துக்கடையின் லேபிள் ஒட்டிய அதே பெட்டியில், பிள்ளையின் பெயரோடு வர வேண்டும். ஆகவே ஆஸ்தலினும் ஆல்பியூட்டெராலும் ஒன்றே என்று வாதாடிப் பயனில்லை. ஹெல்த் ஆபிஸ் ஆஸ்தலினை வாங்காது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மருத்துவரிடம் கேட்கும்போதே வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இரண்டு இன்ஹேலர்கள் எழுதிக்கொடுக்கச் சொல்லிவிட்டால், மருந்துக்கடையில் இரண்டுக்கும் தனித்தனி லேபிள் ஒட்டித் தந்துவிடுவார்கள். லேபிளை இன்ஹேலரின் மீதே ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியில் ஒட்டினால் பெட்டி முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போய்விடும்; பிறகு கையில் இருப்பது பெயரில்லாத ஒரு குழாய்தான்.

அதே படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், கீழ்ப்பகுதியில், ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. மாணவர் தானே மருந்தை வைத்துக்கொள்ளவும் தானே எடுத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறேன் என்பது அதன் சாரம். ஆஸ்துமா இன்ஹேலருக்கும் எபிபென் போன்ற அட்ரினலின் ஊசிக்கும் மாநிலச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. பிள்ளைக்குச் சரியாகப் பயன்படுத்தத் தெரியும் என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். பக்கவிளைவு ஏற்பட்டால் பள்ளி மாவட்டத்தின் மேல் வழக்குத் தொடுப்பதில்லை என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும். பொறுப்பைக் கைகழுவும் வாசகமாக எனக்கு அது பட்டதால், முதல் ஆண்டு நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். பூட்டிய அலமாரியில், நர்ஸின் கண்காணிப்பில் மருந்து இருப்பதே பாதுகாப்பு என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கை அக்டோபர் வரைதான் நீடித்தது.

வடக்கே எங்கோ மலைக்காடு எரிந்துகொண்டிருந்த வாரம் அது. காற்றில் புகை வாசம் இருந்தாலும் வெளி விளையாட்டை நிறுத்தும் அளவுக்குத் தரக்குறியீடு ஏறவில்லை. உடற்கல்வி வகுப்பில் ஒரு மைல் ஓட்டம் வைத்தார்கள். மூன்றாவது சுற்றில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. உடன் ஒரு மாணவியை அனுப்பி, மெல்ல நடந்து ஹெல்த் ஆபிஸுக்குப் போகச் சொன்னார் ஆசிரியர். திடலிலிருந்து அந்த அறை கட்டடத்தின் மறுகோடியில் இருக்கிறது. நர்ஸ் அன்று வேறொரு பள்ளியில் இருந்தார். ஒரு நர்ஸ் வாரத்தில் பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்வது இங்கே சாதாரணம். ஹெல்த் கிளார்க் மதிய உணவுக்குப் போயிருந்தார். அலமாரிச் சாவி அவருடைய கழுத்துப் பட்டையில் இருந்தது. முன் அலுவலகத்தில் இருந்தவர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, அவர் ஓடிவந்து, பூட்டைத் திறந்து, உறையைத் தேடி எடுத்து, தாளோடு பெயரை ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தபோது, அவள் திடலில் நின்ற நேரத்திலிருந்து 11 நிமிடம் ஆகியிருந்தது. பதிவேட்டில் எழுதியிருந்த நேரத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அந்தப் பதிவேட்டை ஒளிக்காமல் என்னிடம் காட்டினார்கள், அதற்கு நன்றி. அவள் தேறிவிட்டாள். ஆனால், உதடு வெளுத்து, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கும் பிள்ளையைப் பார்த்த எந்தத் தாய்க்கும் 11 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அன்று யாரும் விதியை மீறவில்லை. எல்லோரும் விதிப்படியே செய்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மறுநாளே மருத்துவரிடம் போய், அந்தக் கட்டத்தில் குறியிட்டு, புதிய தாள் வாங்கிவந்தேன். அதற்குப் பிறகு இன்ஹேலர் அவளுடைய பையின் முன் ஜிப்பிலும், கூடுதலாக ஒன்று அலமாரியிலும் இருக்கின்றன. மூச்சுத்திணறலுக்கான இன்ஹேலரைப் பொறுத்தவரை, உயர்நிலைப்பள்ளி வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் குறியிடாமல் விடாதீர்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த முடிவின் பயன் அடுத்த ஆண்டு மார்ச்சில் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையோ தேடிக்கொண்டிருந்ததால் பள்ளியை லாக்டவுன் செய்தார்கள். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறிவிப்பு வரும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. 50 நிமிடம் அப்படி இருந்தார்கள். பயத்திலும் புழுக்கத்திலும் அவளுக்கு இழுப்பு வந்து, இருட்டில் தன் பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து இரண்டு பஃப் எடுத்திருக்கிறாள். அலமாரியில் இருந்திருந்தால் அந்த மருந்து அவளுக்கு எட்டாமல் இரண்டு பூட்டுகளுக்கு அப்பால் இருந்திருக்கும். பூட்டிய அலமாரி என்ற விதியும் பூட்டிய வகுப்பறை என்ற விதியும் தனித்தனியே எழுதப்பட்டவை. இரண்டும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தால் ஒரு நோயாளிப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சேர்த்து யோசித்ததற்கான அடையாளம் கையேட்டில் எங்கும் இல்லை.

நிலநடுக்க ஏற்பாட்டில் இந்தக் குறை இல்லை. கிழக்கு பே ஏரியாவின் அடியில் ஹேவர்ட் பிளவு ஓடுகிறது. 1868இல் அது பெரிதாக அசைந்தது. உயர்நிலைப்பள்ளிகளில் அரையாண்டுக்கு ஒருமுறையாவது மேசைக்கடியில் பதுங்கும் பயிற்சி நடத்த வேண்டும் என்பது சட்டம். இந்தப் பள்ளி அதோடு நில்லாமல், தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளைகளிடம் மூன்று நாளைக்கான மருந்தையும் முன்கூட்டியே வாங்கி, கட்டடத்துக்கு வெளியே உள்ள அவசரகாலப் பெட்டகத்தில் வைக்கிறது. பாலங்கள் சேதமாகிப் பெற்றோர் வந்துசேர முடியாமல் போனாலும் பிள்ளைக்கு மருந்து இருக்கும். இதை யோசித்தவர் யாரென்று தெரியவில்லை. நல்ல மனம் உள்ளவர்.

நர்ஸ் இல்லாத நேரத்துக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மருத்துவரின் தாளும் பெற்றோரின் சம்மதமும் இருந்தால், பயிற்சி பெற்ற சாதாரணப் பள்ளி ஊழியரே நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலின் கொடுக்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நர்ஸ்களின் சங்கம் அதை எதிர்த்து வாதாடியது. போதிய நர்ஸ்களை நியமிப்பதே உண்மையான தீர்வு என்ற அவர்கள் கருத்து எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால், நர்ஸ் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் சர்க்கரை எகிறிப்போன பிள்ளை, அந்தத் தீர்வு வரும்வரை காத்திருக்க முடியாது. எங்கள் பள்ளியில் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் ஹெல்த் கிளார்க்கையும் சேர்த்து இரண்டே பேர். நூலகர், உடற்கல்வி ஆசிரியர்கள், முன் அலுவலகத்தில் இருப்பவர் என ஐந்தாறு பேருக்கு ஒரு பிற்பகல் செலவழித்துப் பயிற்சி கொடுத்தால் போதும். இதைத்தான் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன்.

முந்திரி விஷயத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பள்ளிகள் அவசரத்துக்கு எபிநெஃப்ரின் (அதாவது அட்ரினலின்) ஊசியைப் பொதுவில் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் மாநிலச் சட்டம். அது பூட்டில்லாத பெட்டியில், முன் அலுவலகச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்தில், ஜீன்ஸுக்கு மேலேயே குத்தலாம், குத்தியவுடன் 911ஐ அழைக்க வேண்டும் என்று படத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். பன்னாட்டு உணவு விழாவுக்கு எந்தப் பலகாரம் கொண்டுபோனாலும் அதில் சேர்ந்த பொருள்களை எழுதி ஒட்ட வேண்டும் என்பதையும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். சென்ற முறை ஒரு தட்டு காஜு கத்லி, சீட்டு இல்லை என்பதற்காகவே மேசைக்கு வராமல் திரும்பிப் போனது.

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு நோய்க்கான மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகளை இவர்கள் கையாளும் விதம் என்னை மிகவும் கவர்ந்தது. பிற பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கித் தின்னும் மாத்திரை என்பதால் இதை மாணவர் கையில் கொடுத்தனுப்பக்கூடாது. பெற்றோரே கொண்டுவர வேண்டும். என் தோழி ஒருத்தி தன் மகனுக்காகக் கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன். கிளார்க் ஒரு தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, சிறு கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கி, சத்தமாக எண்ணி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி, தோழியிடம் கையெழுத்து வாங்கி, தானும் போட்டார். அந்த நேரத்தில் வேறொரு மாணவன் உள்ளே நுழைந்தபோது தட்டை மூடிவிட்டு, அவன் போகும்வரை பேச்சை நிறுத்தினார். யாருக்கு என்ன மருந்து என்பது வெளியே கசியாது. மகனுக்கு இந்த மருந்து போகிறது என்பதை ஊர்க்காரர்களிடம் சொல்லத் தோழி இன்னும் தயங்குகிறாள். அவள் அஞ்சாமல் போய்வரும் இடம் அந்த அறை ஒன்றுதான்.

இனி, எல்லாப் பெற்றோரும் உள்ளுக்குள் அஞ்சும் விஷயம். 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உயர்நிலைப்பள்ளியின் கழிப்பறையில் 15 வயது மாணவி இறந்துகிடந்தாள். வலி மாத்திரை என்று வாங்கிய மாத்திரையில் ஃபெண்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்திருந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் 2023இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 7ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிகள் ஓபியாய்டு மிகைநுகர்வு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தங்கள் பாதுகாப்புத் திட்டத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. இரண்டு மில்லிகிராம் ஃபெண்டனில் உயிரைப் பறிக்கப் போதும். உப்புக் கல் சில அளவுதான். 2023இல் அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பு சோதித்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் அந்த அளவு இருந்தது. போலி மாத்திரை, மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை போலவே அச்சு அசலாக இருக்கும். இதைப் படித்த பிறகுதான், என் மகள் தோழிக்கு நீட்டிய டோலோவைப் பார்த்து அந்த ஆசிரியர் ஏன் பதறினார் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பெயர் தெரியாத வெள்ளை மாத்திரையைக் கொடுக்கிறாள். தூரத்தில் நின்று பார்க்கும் ஆசிரியரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே காட்சிதான்.

ஓபியாய்டு மிகைநுகர்வை முறிக்கும் நலாக்சோன் மூக்கு ஸ்பிரேயை இந்தப் பள்ளி மூன்று இடங்களில், இதய மின்னதிர்வுக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறது. திறந்தால் மணி அடிக்கும், பூட்டுக் கிடையாது. இன்ஹேலருக்குக் கிடைக்காத சலுகை இதற்குக் கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது, பள்ளிக்குத் திறந்து வைக்கவும் தெரியும் என்பது உறுதியாகிறது. 2023 செப்டம்பர் முதல் இந்த ஸ்பிரேயை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். பெற்றோருக்காக ஒரு மாலை விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். நர்ஸ் ஒரு பயிற்சி ஸ்பிரேயைக் கையில் எடுத்து, முனையை ஒரு நாசித் துளையில் விரல் தொடும்வரை செருகி, அடியில் உள்ள பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திக் காட்டினார். ஓபியாய்டு எடுக்காத பிள்ளைக்குத் தவறிப்போய்க் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் ஆகாது, தயங்காமல் கொடுங்கள், 911ஐயும் அழையுங்கள் என்றார். அவ்வளவு பெரிய அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. தமிழர் நாங்கள் இரண்டு குடும்பம். நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருவர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. இறந்துபோன பிள்ளையின் தாயும் முந்தின நாள்வரை அப்படித்தான் நினைத்திருப்பார்.

தண்டனை விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேப் என்னும் மின்சிகரெட்டும் சாதாரண சிகரெட்டும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்பது 2016 முதல் மாநிலச் சட்டம். பள்ளியில் அவற்றை வைத்திருந்தால் முதல்முறை கவுன்சிலரிடம் அனுப்பி, சில வாரங்கள் வகுப்பு எடுக்கிறார்கள். இடைநீக்கம் என்றாலும் ஒருமுறைக்கு ஐந்து பள்ளி நாள்களுக்கு மேல் கூடாது. விற்றவர்களுக்கு இரக்கம் கிடையாது, அது சரிதான். விசித்திரமாக, சோமா என்ற ஒரேயொரு தசைத் தளர்வு மருந்தை மட்டும் பெயர் சொல்லித் தனி உட்பிரிவாகவே எழுதி வைத்திருக்கிறது சட்டம். பையைச் சோதிக்கப் பள்ளிக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்பது 1985ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அரிசோனாவில் வலி மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகித்து 13 வயதுச் சிறுமியின் உடையைக் களையச் சொல்லிச் சோதித்தது தவறு என்று அதே நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் பள்ளி ஊழியர் அப்படிச் சோதிப்பதைக் கல்விச் சட்டமே தடுக்கிறது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பதோடு, பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

குறைகளில் மீதமுள்ளவை சில்லறையாகத் தோன்றலாம், எனக்கு அப்படி இல்லை. படிவங்கள் ஸ்பானியத்திலும் சீனத்திலும் கிடைக்கின்றன. தமிழிலோ இந்தியிலோ இல்லை. வகுப்பில் நாலில் ஒரு பிள்ளை இந்திய வீட்டிலிருந்து வரும் பள்ளியில், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் தாத்தா பாட்டிக்குப் படிக்கக் கொடுக்க ஒரே ஒரு பக்கம் போதும். அலமாரியில் உள்ள மருந்து காலாவதி ஆவதற்கு முன் நினைவூட்ட எந்த ஏற்பாடும் இல்லை. சென்ற பிப்ரவரியில் நானாகக் கேட்டபோதுதான் அவளுடைய எபிபென் தேதி கடந்து இரண்டு வாரம் ஆகியிருப்பதைக் கண்டோம். ஜூனில் பள்ளி மூடும் கடைசி நாளுக்குள் போய் எடுக்காவிட்டால் மருந்தை அழித்துவிடுவார்கள். அதற்கான மின்னஞ்சல் பட்டமளிப்பு விழா அறிவிப்புகளுக்கு நடுவே வருவதால் பலர் தவறவிடுகிறார்கள். ஹெல்த் ஆபிஸ் மூன்றரைக்கு மூடுகிறது. பேட்மின்டன் பயிற்சி ஆறு மணிவரை நடக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு இரும்பு அலமாரியில் உள்ள எந்த மருந்தும் எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பள்ளியை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பலாம். நான் இளையவனையும் இங்கேதான் சேர்க்கப்போகிறேன். விதிகளைக் காரணமில்லாமல் வைத்திருக்கவில்லை, கேட்டால் விளக்குகிறார்கள், பதிவேட்டைக் காட்டத் தயங்குவதில்லை, தவறு செய்த பிள்ளையைக் குற்றவாளிபோல் நடத்துவதில்லை. ஆனால் ஆகஸ்டில் படிவம் நிரப்பும் அன்று அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாம் பக்கக் கட்டத்தை மறக்காதீர்கள். உங்கள் பிள்ளை திடலிலிருந்து ஹெல்த் ஆபிஸ்வரை நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். நான் நடந்து பார்த்தேன். மூச்சு சீராக இருக்கும் எனக்கே நான்கு நிமிடம் ஆனது.

அலமாரிக்கு மூன்றாவது சாவி ஒன்றை முன் அலுவலகத்தில் வைக்க வேண்டும், பயிற்சி பெற்றவர்களை ஆறு பேராக்க வேண்டும் என்று கேட்டு, பதினேழு பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தைச் சென்ற மாதம் முதல்வரிடம் நேரில் கொடுத்தோம். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வந்ததும் அதை இந்தப் பதிவின் கீழேயே சேர்க்கிறேன்.